கொட்டிலுக்கு வராத மெஷின்

கட்டுகஸ்தோட்டை
08.02.1981

அன்புள்ள நானா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை கைரியா எழுதுவது. நானும் மகள் ஹபீலாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். கடல் கடந்து டோஹாவில் இருக்கும் உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

ஹபீலாவின் வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வீடு அடங்கிப் போய்விட்டது. நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், அதுவரை உள்ளறையில்தான் இருக்கிறேன். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்பதால் வாசல் பக்கமே போவதில்லை. முன்னறையில் அவருடைய அரைக்கும் மில் சும்மா நிற்கிறது. மௌத்துச் செய்தி தெரியாதவர்கள் இன்னும் மிளகாயும் மல்லியும் கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஹபீலா போய்ச் சொல்லித் திருப்பி அனுப்புகிறாள்.

நானா, இத்தா முடிந்ததும் மில்லை நானே ஓட்டப் போகிறேன். அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் ஓட்டியவள் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் முன்னறையில் வைத்து ஓட்ட முடியாது. ஆண்கள் வந்து போகும் இடமும் நாங்கள் இரண்டு பெண்கள் புழங்கும் இடமும் ஒன்றாக இருப்பது இனிச் சரிவராது. வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டில் இருக்கிறதல்லவா, அது பின் ஒழுங்கைப் பாதையைப் பார்த்திருக்கிறது. மெஷினை அங்கே வைத்தால் வருகிறவர்கள் ஒழுங்கையாலேயே வந்து போய்விடுவார்கள்.

நகர்த்துவதுதான் பெரிய பாடு. முழுக்க இரும்பு, கல் வேறு. அக்கம்பக்கத்தாரைக் கேட்கலாம் என்றால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் எல்லாரும் அவருடைய கூட்டாளிகள். நான் அவர்களோடு ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசியவள் இல்லை. வாப்பா போன பிறகு எனக்கு வாப்பாவாக இருந்தவர் நீங்கள். ஒரு வழி சொல்லுங்கள்.

குண்டசாலை வீட்டிலிருந்து மதினியும் உங்கள் மகள் றமீலாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். றமீலா உங்களைப் போலவே சிரிக்கிறாள்.

உங்கள் துஆவை வேண்டும்
கைரியா

*

டோஹா
01.03.1981

அன்புத் தங்கை கைரியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். இங்கே வெயில் இன்னும் ஏறவில்லை. ஹபீலாவைப் பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்பு. இந்தத் துக்கத்தில் அவளுடைய படிப்பு கெட்டுவிடக்கூடாது.

நீ நினைத்தது நல்ல யோசனைதான். மெஷினை முன்னறையிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். அக்கம்பக்கத்தாரைக் கேட்க ஏன் வெட்கப்படுகிறாய்? ஜனாஸா எடுத்த அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றவர்கள் என்று மௌத்துச் செய்தி எழுதிய கடிதத்தில் நீதானே எழுதியிருந்தாய்? கூலிக்கு ஆள் பிடித்தால் அவர்களுக்குத்தான் மனவருத்தம். ஹபீலாவை வீட்டுக்கு வீடு அனுப்பிக் கேள். நீ கேட்டதாகவே இருக்கட்டும்.

மேற்பார்வைக்கு என் மச்சான் ஹுஸைனை அனுப்புகிறேன். உன் மதினியின் தம்பியானாலும் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. மெஷின் விஷயம் தெரிந்தவன். எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிடு. இத்தாவில் இருக்கும் பெண் உள்ளேயிருந்து, அதை இங்கே வை, இதை அங்கே வை என்று குரல் கொடுப்பது அழகில்லை.

மோட்டர் அந்தப் பழைய மோட்டர்தானா, ஹபீலாவின் வாப்பா வேறு போட்டாரா? கல் எப்படியிருக்கிறது? மேலதிகமாக ஒரு பெல்ட் வாங்கி வைத்திருந்தாரே, அது பத்திரமாக இருக்கிறதா? மறக்காமல் எழுது.

எங்களை வேறு முகாமுக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். புது விலாசம் தெரியும்வரை தபாலில் போடாதே. ஹுஸைனிடம் கொடு. இங்கே வந்து போகும் ஆட்கள் கையில் அவன் கொடுத்தனுப்புவான். நானும் அப்படியே அனுப்புகிறேன்.

உன் நானா
ஸெய்னுலாப்தீன்

*

கட்டுகஸ்தோட்டை
20.03.1981

அன்புள்ள நானா அவர்களுக்கு,

ஸலாம். புது முகாமில் சாப்பாடும் தண்ணீரும் ஒத்துக்கொள்கிறதா? நாங்கள் இங்கே சுகமே.

நீங்கள் சொன்னபடி ஹபீலாவை அனுப்பிக் கேட்டேன். நான் இவ்வளவு நாளும் எதற்குக் கூசினேன் என்று இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. மேட்டுப் பக்கத்து வீட்டு இருளப்பன் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை. அவர் ஹபீலாவிடம், "மொதலாளி இருந்திருந்தா எங்கள கேட்டிருக்க மாட்டீங்க. இப்ப கேட்டீங்களே, அது போதும் பாப்பா" என்று சொன்னாராம். கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் சண்முகநாதன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பிலிமத்தலாவையில் படிப்பிக்கிறார். உருட்டுவதற்கு இரும்புக் குழாய் தேடித் தருவது தன் பொறுப்பு என்றாராம். அவர் தூக்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்றாராம்.

இருளப்பனின் மனைவி பாப்பம்மா சமையலறைக் கதவால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். இவ்வளவு வருஷம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவளுக்கு என்னென்ன கறி பிடிக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும்.

மோட்டர் அவர் போன வருஷம் போட்ட புது மோட்டர். கல் நல்ல கல், கொத்தி அதிக நாளாகவில்லை. பெல்ட் அலுமாரியில் இருக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்தும் பெல்ட்டைக்கூட ஞாபகம் வைத்துக் கேட்கிறீர்களே என்று ஹபீலாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு எல்லாரும் வருவதாக இருக்கிறார்கள். காரியம் நல்லபடி முடிய துஆச் செய்யுங்கள்.

கைரியா

*

கட்டுகஸ்தோட்டை
12.04.1981

அன்புள்ள நானா அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் சுகம் அறியாமல் மனம் ஒரு நிலையில் இல்லை. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முகாம் மாறியதால்தான் தாமதம் என்று ஹுஸைன் சொன்னார்.

மெஷினை எடுத்தாயிற்று. நான் கண்ணால் ஒன்றும் காணவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதால்தான் கேட்டேன். சீமெந்துக் கட்டிலிருந்து பெயர்க்க அலவாங்கு போடும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் உருளும் சத்தம். "புடிங்க, புடிங்க, எடது பக்கம்" என்று இருளப்பனின் குரல். ஹபீலாவின் வாப்பா ஓட்டிய மெஷின் வாசல் நிலையைத் தாண்டிப் போகும்போது வீடே அதிர்ந்தது. நான் அழவில்லை நானா. கொட்டிலுக்குத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே தேத்தண்ணீர் ஊற்ற ஊற்ற, பாப்பம்மா தட்டுத்தட்டாகக் கொண்டு போய்க் கொடுத்தாள்.

வீட்டோரப் படியால் இறக்க முடியாது, படி தாங்காது என்று ஹுஸைன் முன்வாசலுக்கு ஒரு லொறி கொண்டுவந்திருந்தார். லொறியில் ஏற்றி ஒழுங்கைப் பக்கமாகச் சுற்றிப் போய் இறக்கலாம் என்றாராம். பலகையில் தள்ளி ஏற்றும்போது பலகை சறுக்கி, மெஷினின் கால் இருளப்பனின் பாதத்தில் ஏறிவிட்டது. அவர் கத்தவில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு, மெஷின் சரியாக ஏறிய பிறகுதான் கீழே உட்கார்ந்தாராம். மாஸ்டர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பு உடைந்திருக்கிறது. பாப்பம்மா எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இந்தக் கலவரத்தில் லொறி ஒழுங்கைப் பக்கம் வரவேயில்லை. பின்னேரம் ஹுஸைன் வந்து, கல் தேய்ந்திருக்கிறது, பிலிமத்தலாவையில் ஒரு பட்டறைக்கு அனுப்பியிருக்கிறது, நானாவின் சொல்படிதான், இத்தா முடியும்போது புதிதுபோலக் கொண்டுவந்து இறக்குவோம் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார். கல் நல்ல கல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் சொன்னதாகச் சொன்னபடியால் பேசாமல் இருந்துவிட்டேன். உங்கள் யோசனையில் ஏதோ நன்மை இருக்கும்.

இருளப்பனின் காலுக்காகவும் துஆக் கேளுங்கள்.

கைரியா

*

டோஹா
05.05.1981

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நான் சுகம். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. வேலை நெருக்கடியால் உடனே எழுத முடியவில்லை.

அந்த மனிதனின் கால் விஷயம் கேட்டுக் கவலைப்பட்டேன். பாரமான சாமான் தூக்கும்போது இப்படி நடப்பதுதான். நீ அதை உன் மனதில் போட்டுக்கொள்ளாதே.

மெஷினுக்கு அவசரப்படாதே. பட்டறையில் வேலை குவிந்திருக்கிறதாம். ஹபீலாவை அங்கே இங்கே அனுப்பி விசாரிக்க வேண்டாம். குமர்ப்பிள்ளை பட்டறை வாசலில் போய் நிற்பது நம் குடும்பத்துக்கு அழகில்லை. அத்தோடு ஒன்று யோசித்துப் பார். நீ ஏன் மிளகாய்த் தூசிக்குள் நின்று கஷ்டப்பட வேண்டும்? நான் ஒருவன் உயிரோடு இருக்கிறேன்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. நெருப்புக் காற்று அடிக்கிறது.

நானா

*

கட்டுகஸ்தோட்டை
14.05.1981

அன்புள்ள நானா அவர்களுக்கு,

ஸலாம். அந்த வெயிலில் தலையை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள். மோர் கிடைத்தால் குடியுங்கள். சின்ன வயதிலும் உங்களுக்கு வெயில் ஆகாது.

இந்தக் கடிதத்தை நான் ஹுஸைனிடம் கொடுக்கவில்லை. விஷயம் அவரைப் பற்றியது. மதினி என்னைப் பார்க்க வந்திருக்கிறா. ஒட்டி, அவ கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஹபீலாவை எங்கும் அனுப்பவில்லை. ஆனால் சண்முகநாதன் மாஸ்டர் பிலிமத்தலாவைக்குத் தினமும் போய்வருகிறவர், பள்ளிக்கூடம் விட்டதும் தானாகவே விசாரித்திருக்கிறார். வேலிக்கு அப்பால் நின்று ஹபீலாவிடம் சொன்னார்: "பிள்ளை, கொம்மாவுக்குச் சொல்லு. ஒரு பட்டறை விடாமல் கேட்டிட்டன். அப்பிடி ஒரு மெசின் அங்கை வரவே இல்லை."

நானா, ஹுஸைன் மெஷினை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கொண்டுபோயிருக்கிறார். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், நான் இத்தாவில் இருக்கிறேன், கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சல். உங்கள் மச்சானைப் பற்றி இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. வேறு யாரிடமும் நான் இதைச் சொல்லவுமில்லை. நீங்கள் அவருக்கு ஒரு வார்த்தை கடுமையாக எழுதினால் போதும், கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இருளப்பன் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். மூட்டை தூக்க இனி முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாப்பம்மா இரண்டு வீடுகளில் துணி துவைக்கப் போகிறாள். போகும்போதும் என்னிடம், மெஷின் வந்துட்டா சொல்லுங்க, ஆள் கூட்டிட்டு வரச் சொல்றேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறாள்.

மதினி முன்போலப் பேசவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் காரியம் அவவுக்கும் தெரியுமோ என்னவோ.

உங்களை நம்பி
கைரியா

*

டோஹா
30.05.1981

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நான் சுகம். இத்தா நல்லபடி முடிந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ்.

ஹுஸைன் அப்படிச் செய்கிறவன் அல்ல. வெளியாட்களின் பேச்சைக் கேட்டுச் சொந்தக்காரர்களைச் சந்தேகப்படாதே. பொறுமையாக இரு. எல்லாம் உன் நன்மைக்குத்தான்.

இனித் தனியாக அங்கே இருப்பதை விட நீயும் ஹபீலாவும் குண்டசாலைக்கே வந்து மதினியோடு இருக்கலாம். அவசரமில்லை. நான் சொல்லும்போது வந்தால் போதும். அதுவரை வர வேண்டாம்.

நானா

*

கட்டுகஸ்தோட்டை
11.06.1981

நானா அவர்களுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை யார் கையிலும் கொடுக்காமல் தபாலிலேயே போடுகிறேன். குண்டசாலை விலாசம் எனக்குத் தெரியும்.

நேற்று அங்கே வைத்து எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இருளப்பன் இப்போது ஒரு மொத்தக் கடையில் சாக்கு தைக்கிறார். சாமான் இறக்கப் போன கடை லொறியில் குண்டசாலைக்குக் கூடப் போனவர் அங்கே நம்முடைய மெஷினைக் கண்டிருக்கிறார். ஹபீலாவின் வாப்பா பச்சை வர்ணம் அடித்து வைத்திருந்த மெஷினை இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? திரும்பி வந்ததும் என் வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, "மெஷின வித்துட்டீங்களா மொதலாளியம்மா? சொல்லியிருந்தாலும் நாங்க தூக்கித் தந்திருப்போமே" என்று கேட்டார். பாப்பம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "கொட்டிலுக்குன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க. எங்க வூட்டு ஆளு கால குடுத்துட்டு ஒக்காந்திருக்கு. எங்கள ஏமாத்தி என்னம்மா கண்டீங்க?" என்றாள். என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை நானா. நான் ஏமாற்றவில்லை என்பதைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னோடு வந்து பார், எனக்குத் தெரிந்திருந்ததா என்று உன் கண்ணாலேயே பார் என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இத்தா முடிந்து நான் வெளியே போன முதல் பயணம் அது.

ஹுஸைன் மெஷின் பக்கத்தில் நிற்பார் என்று நினைத்துத்தான் போனேன். சாரமும் பெனியனுமாக, இமையெல்லாம் மிளகாய்த்தூள் படிந்து, மெஷினுக்குள் மல்லி கொட்டிக்கொண்டு நின்றவர் நீங்கள்.

"எப்ப நானா வந்த?" என்று கேட்டேன். நீங்கள் சுவிட்சை நிறுத்தினீர்கள். றமீலாதான் உள்ளேயிருந்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமி, வாப்பா வந்து எவ்வளவு நாள், நீங்க கோவமா, ஏன் வராம இருந்த?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மே மாதத்து வெயிலைப் பற்றியும் நெருப்புக் காற்றைப் பற்றியும் நீங்கள் எழுதியதை நான் ஒவ்வொரு வரியாக நம்பி, தலையை நனைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதியிருந்தேன். நீங்கள் அதை இங்கே, மகாவலி கங்கைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்திருக்கிறீர்கள்.

அதையும் தாங்கியிருப்பேன். பாப்பம்மா உங்களைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "இவருதாம்மா அன்னிக்கி லொறியில முன்னுக்கு ஒக்காந்திருந்தவரு. எறங்கவே இல்ல. நாந்தான் தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன்."

நீங்கள் குடித்தது நான் ஊற்றிய தேத்தண்ணீர். உங்களுக்கும் எனக்கும் நடுவில் அன்று ஒரு கதவுதான் இருந்தது. மற்ற ஆண்கள் வரக்கூடாது. நீங்கள் வரலாம். இத்தாவில் இருந்த என் அறைக்குள் வந்து, தலையில் கை வைத்து, உன் மாப்பிள்ளை போய்விட்டாரே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆண் நீங்கள்தான். வாசல் வரைக்கும் வந்தவர் எனக்கு ஒரு ஸலாம் சொல்லாமல் மெஷினோடு போனீர்கள்.

எனக்கு மெஷின் வேண்டும்.

கைரியா

*

குண்டசாலை
16.06.1981

அன்புத் தங்கை கைரியாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடம்பும் சரியில்லை.

கம்பெனி எங்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிட்டது. மார்ச் கடைசியில் வந்தேன். வெறுங்கையோடு வந்தவன் ஊருக்கு எப்படி முகம் காட்டுவது? றமீலாவுக்குக் கலியாணப் பேச்சுவார்த்தை நடக்கிறது. டோஹாவில் இருந்து வந்து சொந்தமாக மில் போட்டவர் என்றால் ஒரு மரியாதை. ஒன்றுமில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? உன்னிடம் சொல்லிக் கேட்டால் நீ தந்திருப்பாய் என்பது எனக்குத் தெரியும். நீ தருவாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

அன்று லொறியிலிருந்து இறங்க நினைத்தேன். கால் வரவில்லை.

நீ ஒரு பெண். மில் வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்? உங்கள் இருவரையும் நான் பார்த்துக்கொள்வேன். இதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போகாதே. நம் வாப்பாவின் பெயர் கெட்டுவிடும்.

உன் நானா

*

கட்டுகஸ்தோட்டை
05.07.1981

நானாவுக்கு,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. ஹபீலாவும் பிடிக்கிறாள்.

நான் முறையிட்டுப் பள்ளிவாசல் நிருவாகிகள் விசாரித்தபோது நீங்கள் பேசியதற்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் இருந்தேன். "கைரியா விரும்பித்தான் தந்தாள், அவளே ஆள் கூட்டி ஏற்றிவிட்டாள்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் தடுமாறவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யார் உங்களைக் கூப்பிட்டது? கைரியாவின் மகள் கூப்பிட்டாள். கைரியா தடுத்தாளா? இல்லை, தேத்தண்ணீர் அனுப்பினா. அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொரு உண்மையும் உங்கள் பக்கம் போய் விழுந்தது. என்னைக் கூச்சப்படாமல் அக்கம்பக்கத்தாரைக் கேள் என்று நீங்கள் எழுதியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூலியாட்கள் என்றால் உங்கள் ஆட்கள் ஆகியிருப்பார்கள். இவர்கள் என் ஆட்கள்.

பிறகு சண்முகநாதன் மாஸ்டர் எழும்பி, "என்னைக் கூப்பிட்டது கொட்டிலுக்கு மாத்த. குண்டசாலைக்கு எண்டு சொல்லியிருந்தால் நான் குழாய் தந்திருக்க மாட்டன்" என்றார். நிருவாகிகள் உங்களைப் பார்த்து, தங்கச்சியிடம் கேட்டீர்களா என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்றீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது, வேண்டுமென்றால் அவளே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றீர்கள். எடுக்கமாட்டேன் என்று நினைத்தீர்கள் போல. இந்த முறை ஹபீலாவை அனுப்பவில்லை. நானே வீட்டுக்கு வீடு போனேன். போன தடவை உங்களைக் கூப்பிட்டுத் தூக்க வைத்தது என் நானா, எனக்குத் தெரியாமல், என் வாயால் கூப்பிட வைத்தார் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் வருவீர்களா என்று கேட்டேன். இருளப்பன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் தூக்க ஏலாது. பலக வைக்கிறது எப்புடின்னு சொல்லித் தர வாறேன்" என்றார். அவர் வந்ததும், பலகையைத் தன் கையால் அமுக்கிப் பார்க்காமல் ஒருவரையும் தள்ள விடாததும் நீங்கள் பார்த்ததுதான்.

லொறியில் ஏற்றும்போது நீங்கள் ஒரு மூலையைப் பிடிக்க வந்தீர்கள். நான் உங்களைத் தொட வேண்டாம் என்று சொன்னதை றமீலா கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். பிள்ளைக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

மெஷின் இப்போது கொட்டிலில் இருக்கிறது. ஹபீலா பாடசாலை விட்டு வந்ததும் எனக்கு உதவி செய்கிறாள். இருளப்பன் சாக்குப் பிடித்து நிறுத்துப் போடுகிறார். பாப்பம்மா ஒழுங்கையால் போகும்போது நின்று பேசுகிறாள். ஆனால் சமையலறைக்குள் வந்து உட்காருவதில்லை. நான் கூப்பிட்டால், வேலை கெடக்கும்மா என்கிறாள்.

கைரியா

*

குண்டசாலை
23.08.1981

அன்புத் தங்கை கைரியாவுக்கு,

ஸலாம். பெருநாளைக்கு உன்னை எதிர்பார்த்தோம். நீயும் ஹபீலாவும் சுகமா? எனக்கு இருமல் விடவில்லை. கண்டியில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். மதினி உனக்கு ஸலாம் சொன்னா.

நடந்தது நடந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாம். ஒரு காரியமாக எழுதுகிறேன். றமீலாவின் பேச்சுவார்த்தை கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அக்குறணைப் பக்கம், நல்ல குடும்பம். மில் ஏன் இல்லாமல் போனது என்று கேட்டார்கள். தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன், விதவை, பாவம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் கட்டுகஸ்தோட்டைக்கும் விசாரிக்க வருவார்கள். நீ அதற்கு மாறாக ஒன்றும் சொல்லிவிடாதே. எனக்காக இல்லை. றமீலாவுக்காக.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
நானா

*

கட்டுகஸ்தோட்டை
13.09.1981

நானாவுக்கு,

ஸலாம். இருமலுக்கு இஞ்சியும் தேனும் எடுங்கள். தண்ணீரைச் சுடவைத்துக் குடியுங்கள். நாங்கள் சுகம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும், அவவுடைய தங்கச்சியும், ஒரு பெரியவரும். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கொட்டிலுக்கே வந்துவிட்டார்கள். நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே அழைத்துக் கதிரை போட்டேன். அந்த உம்மா அடக்கமான மனுஷி. பேச்சில் பெருமை இல்லை. றமீலா அங்கே போனால் கஷ்டப்படமாட்டாள்.

முதலில் றமீலாவைப் பற்றிக் கேட்டார்கள். மனதில் ஒன்று வைத்து வாயால் ஒன்று பேசத் தெரியாத பிள்ளை என்றேன். சமைப்பாள், ஓதுவாள், சிரித்த முகம் என்றேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அவளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹபீலாவும் பக்கத்தில் நின்று, றமீலா ராத்தா நல்லாப் பாடம் சொல்லித் தருவா என்று சொன்னாள். அவர்களுக்கு மனம் நிறைந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நிக்காஹ் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஹபீலாவை அனுப்புகிறேன். நான் வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியிருந்தபடி, தங்கச்சிக்கு மில் கொடுத்தாராமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. எழும்பப் போகும் நேரத்தில் அந்தப் பெரியவர்தான், "உங்க நானா எப்படிப்பட்ட மனுஷர்? கூடப்பிறந்த நீங்க சொன்னா எங்களுக்குப் போதும்" என்று கேட்டார்.

நல்லவர் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு விதமாகச் சொல்லவும் வரவில்லை. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மில்லுக்கு ஆள் வந்துவிட்டது, காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்லி எழும்பிப் பின்பக்கம் போய்விட்டேன்.

கொட்டிலில் ஒருவரும் இல்லை.

கைரியா